குறைந்தபட்ச இருப்பு அபராதமும் அதைத் திரும்பப் பெறுதலும்

சேமிப்புக் கணக்கில் இருக்க வேண்டிய தொகை இல்லாமல் போனால் வங்கி தானாகவே எடுத்துக்கொள்ளும் தண்டத்துக்குக் குறைந்தபட்ச இருப்பு அபராதம் என்று பெயர். மக்கள் இதை மினிமம் பேலன்ஸ் பிடித்தம் என்பார்கள். கணக்கில் இருப்பதைவிடக் கூடுதலாக எடுத்தவரிடம் வாங்கும் ஓவர்டிராஃப்ட் கட்டணத்துக்கு இது நெருங்கிய உறவு. அங்கே வங்கிப் பணத்தைத் தொட்டதற்குத் தண்டம் என்றால், இங்கே தன் பணம் குறைந்துபோனதற்கே தண்டம். இப்படிப் பிடித்த பணத்தைத் திருப்பிக் கேட்கப் போகிறவர்கள் பெரும்பாலும் “ஏழையிடம் பிடுங்கலாமா?” என்ற கேள்வியோடு கவுண்டரில் நிற்கிறார்கள். கேள்வி நியாயமானதுதான், ஆனால் பணத்தை மீட்டுத் தராது. “விதிப்படி எடுத்தீர்களா?” என்ற கேள்விக்குத்தான் இந்தியாவில் வலு இருக்கிறது.

உதாரணத்துக்குக் கேரளத்து மலையோர ஊர் ஒன்றைப் பார்ப்போம். திருவனந்தபுரத்திலிருந்து பொன்முடி போகும் சாலையில், விதுராவைத் தாண்டி, கொண்டையூசி வளைவுகள் தொடங்குவதற்கு முன் வரும் சிற்றூர் கல்லாறு. மேலே தேயிலைத் தோட்டங்கள், சுற்றிலும் காணிக்காரப் பழங்குடியினரின் குடியிருப்புகள். இத்தகைய ஊர்களுக்கு 2017 ஏப்ரல் 1 இரண்டு விதத்தில் முக்கியமான நாள். திருவிதாங்கூர் அரசு காலத்தில், 1945-ல் தொடங்கிய வங்கியின் வழிவந்த ஸ்டேட் பாங்க் ஆஃப் திருவாங்கூர் அன்று பாரத ஸ்டேட் வங்கியோடு இணைந்தது. 2012-ல் கைவிட்டிருந்த குறைந்தபட்ச இருப்பு அபராதத்தைப் பாரத ஸ்டேட் வங்கி மீண்டும் கொண்டுவந்ததும் அதே நாளில்தான். பெருநகரத்துக்கு 5,000 ரூபாய், நகரத்துக்கு 3,000, அரைநகரத்துக்கு 2,000, கிராமத்துக்கு 1,000 என்று மாதச் சராசரி இருப்பு வேண்டும் என்றார்கள். குறைந்தால் 20 முதல் 100 ரூபாய் வரை தண்டம், வரி தனி. இதில் கேரளத்துக்கென்று ஒரு சிக்கல் உண்டு. மக்கள்தொகை 10,000-ஐத் தாண்டிய ஊரில் உள்ள கிளை ரிசர்வ் வங்கியின் வகைப்பாட்டில் அரைநகரக் கிளை. கேரளத்து வருவாய் கிராமங்களில் பெரும்பாலானவை அந்த அளவைத் தாண்டியவை. ஆகவே காட்டோரத்தில் வாழ்கிறவரின் கணக்கும் ‘அரைநகர’க் கணக்காகி, 1,000 ரூபாய் போதும் என்ற இடத்தில் 2,000 கேட்கப்பட்டிருக்கலாம்.

இந்தப் பிடித்தத்துக்கு எல்லை வகுத்தது ரிசர்வ் வங்கி 2014 நவம்பர் 20 அன்று வெளியிட்டு, 2015 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த சுற்றறிக்கை. 2014 ஏப்ரலில் ரிசர்வ் வங்கியின் நிலை இன்னும் கடுமையாக இருந்தது. வாடிக்கையாளரின் கஷ்டத்தையோ கவனக்குறைவையோ வங்கி தனக்குச் சாதகமாக்கிக்கொள்ளக் கூடாது, தண்டம் விதிப்பதற்குப் பதில் சேவைகளைக் குறைத்துக்கொள்ளட்டும் என்றது. நவம்பரில் அது நீர்த்துப்போய், தண்டம் விதிக்கலாம், ஆனால் சில நிபந்தனைகளோடு என்றாயிற்று. இருப்பு குறைந்ததும் எஸ்எம்எஸ், மின்னஞ்சல், கடிதம் என ஏதாவது ஒரு வழியில் தெரிவிக்க வேண்டும். அதிலிருந்து ஒரு மாதத்துக்குள் இருப்பைச் சரிசெய்ய வாய்ப்புத் தர வேண்டும். தண்டம் குறைந்த தொகையின் விகிதத்தில் அமைய வேண்டும், சேவைக்கு ஆகும் செலவை ஒட்டியதாக இருக்க வேண்டும். இந்தத் தண்டத்தால் மட்டும் கணக்கு மைனசுக்குப் போகவே கூடாது. செயல்படாமல் கிடக்கும் கணக்கில் இந்தத் தண்டமே கூடாது என்பது 2014 மே மாதமே வந்த விதி.

நியாயத்தை மட்டும் நம்பி வழக்காடினால் என்ன ஆகும் என்பதற்கு இங்கிலாந்து சாட்சி. 2006, 2007-ல் அங்கே பல்லாயிரம் பேர் ஓவர்டிராஃப்ட் கட்டணத்தைத் திருப்பிக் கேட்டார்கள். வழக்குக்கு அஞ்சிய வங்கிகள் நிறையப் பேருக்குக் கொடுக்கவும் செய்தன. பிறகு அரசு அமைப்பான நியாய வணிக அலுவலகம் அபே நேஷனல் உள்ளிட்ட 8 நிறுவனங்களோடு சோதனை வழக்கு நடத்தியது. கீழ்மன்றங்களில் வென்றது, 2009 நவம்பர் 25 அன்று உச்ச நீதிமன்றத்தில் தோற்றது. இந்தக் கட்டணங்கள் வங்கிச் சேவைக்கான விலையின் ஒரு பகுதி, ஆகவே அந்தத் தொகை நியாயமானதா என்று நியாயமற்ற ஒப்பந்த நிபந்தனைகளுக்கான சட்டத்தின் கீழ் எடைபோட முடியாது என்பது தீர்ப்பின் சாரம். அங்கே நிலையான ஓவர்டிராஃப்ட் கட்டணம் ஒழிந்தது 2020 ஏப்ரலில். ஒழித்தது நீதிமன்றம் அல்ல, ஒழுங்குமுறை ஆணையத்தின் விதி.

தொகை நியாயமா என்ற கேள்வியைத் தடுக்கும் அந்தச் சுவர் இந்தியாவிலும் உண்டு. 2021 நவம்பர் 12 அன்று தொடங்கிய ரிசர்வ் வங்கியின் ஒருங்கிணைந்த ஒம்பட்ஸ்மேன் (குறைதீர்ப்பாளர்) திட்டம், வங்கியின் வணிக முடிவுகளைக் குறித்த புகார்களை ஏற்பதில்லை. “2,000 ரூபாய் கேட்பது அதிகம்” என்று எழுதினால் அது வணிக முடிவு, புகார் வாசலிலேயே நின்றுவிடும். “எனக்கு அறிவிப்பு வரவில்லை, ஒரு மாத அவகாசம் தரப்படவில்லை, இன்ன தேதியில் பிடித்துவிட்டார்கள்” என்று எழுதினால் அது சேவைக் குறைபாடு. பணம் அதே பணம்தான், ஆனால் அறிவிப்பு கொடுத்ததாகக் காட்ட வேண்டிய பொறுப்பு இப்போது வங்கியின் பக்கம் போகிறது. மலைப்பகுதியில் டவர் கிடைக்காத, நம்பர் மாறிப்போன கைபேசிக்கு அனுப்பிய எஸ்எம்எஸ் அறிவிப்பாகுமா என்பது வாதத்துக்குரியது. எப்போது, எந்த எண்ணுக்கு அனுப்பினார்கள் என்று கேட்க வாடிக்கையாளருக்கு உரிமை உண்டு.

கையெழுத்துப் போட்டுத்தானே கணக்கு தொடங்கினீர்கள் என்பது வங்கிகள் முதலில் சொல்லும் பதில். படிவத்தில் கையெழுத்திட்டவர் வங்கியின் கட்டணப் பட்டியலுக்கு உடன்பட்டார் என்றே கொள்வோம். ரிசர்வ் வங்கியின் விதியை வங்கி மீறலாம் என்பதற்கு அவர் உடன்படவில்லை. சேவைக்குச் செலவாகிறது என்பது அடுத்த பதில். இதில் உண்மை இல்லாமல் இல்லை, கிளையும் ஏடிஎம்மும் சும்மா நடப்பதில்லை. ஆனால் கணக்கைப் பாருங்கள். 2,000 இருக்க வேண்டிய இடத்தில் சராசரி 1,400 இருந்தது, குறைவு 600. மாதம் 6 சதவீதம் தண்டம் என்று வைத்தால் 36 ரூபாய், 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து 42 ரூபாய் 48 காசு. மாதம் 6 என்பது ஆண்டுக்கு 72 சதவீதம். பணக்காரக் கணக்குக்கும் ஏழைக் கணக்குக்கும் ஏடிஎம் ஒன்றுதான் என்றால், செலவை ஏழையிடம் மட்டும் இந்த வட்டியில் வசூலிப்பதைச் செலவுக்கணக்கு என்று சொல்வது கடினம். 2017 ஏப்ரல் முதல் நவம்பர் வரை பாரத ஸ்டேட் வங்கி இந்த வகையில் வசூலித்தது சுமார் 1,772 கோடி ரூபாய். அந்த ஆண்டு ஜூலை-செப்டம்பர் காலாண்டில் அது ஈட்டிய நிகர லாபத்தைவிட இது அதிகம். செலவை ஈடுகட்டும் தொகைக்கு இந்த உயரம் எதற்கு?

மைனஸ் விஷயம் இன்னும் நுட்பமானது. கணக்கில் 30 ரூபாய்தான் இருக்கிறது, தண்டம் 42 என்றால் விதிப்படி இருப்பு பூஜ்யத்தோடு நிற்க வேண்டும். மீதி 12 ரூபாயைப் பாக்கியாகக் குறித்துவைத்து, வேலை உறுதித் திட்டக் கூலியோ மாணவர் உதவித்தொகையோ வந்து விழுந்ததும் எடுத்துக்கொள்ளும் வழக்கமும் உண்டு. பாஸ்புக்கில் மைனஸ் குறி இல்லையே என்பார்கள். மைனஸ் வேறொரு ஏட்டில் இருக்கிறது, அவ்வளவுதான். விதியின் எழுத்தைக் காத்து நோக்கத்தை மீறும் இந்த வழக்கத்தைப் புகாரில் தனியாகவே எழுத வேண்டும்.

பணம் திரும்பி வந்த முன்மாதிரி இல்லாமல் இல்லை. ஜன்தன் போன்ற அடிப்படைக் கணக்குகளில், மாதம் நான்கைத் தாண்டிய ஒவ்வொரு யுபிஐ, ரூபே பரிவர்த்தனைக்கும் பாரத ஸ்டேட் வங்கி 17 ரூபாய் 70 காசு பிடித்துவந்தது. 2020 ஜனவரி 1-க்குப் பிறகு பிடித்ததைத் திருப்பிக் கொடுங்கள் என்று மத்திய நேரடி வரிகள் வாரியம் அந்த ஆண்டு ஆகஸ்ட் 30 அன்று வங்கிகளுக்குச் சொன்னது. அதற்கு முன்பும் விதி மீறப்பட்டதை மும்பை ஐஐடியின் புள்ளியியல் பேராசிரியர் ஆஷிஷ் தாஸ் ஆய்வில் காட்டினார். 2017 ஏப்ரல் முதல் 2020 செப்டம்பர் வரை பிடித்த 254 கோடியில் சுமார் 90 கோடி திரும்பியது, சுமார் 164 கோடி நின்றுபோனது. திரும்பியதும் ஏழ்மையைக் காட்டி அல்ல, விதியைக் காட்டித்தான்.

பாரத ஸ்டேட் வங்கி 2020 மார்ச்சில் குறைந்தபட்ச இருப்பு நிபந்தனையை நீக்கியது. கனரா, பஞ்சாப் நேஷனல், இந்தியன் வங்கி ஆகியவை 2025-ல் நீக்கின. பல தனியார் வங்கிகளில் அது தொடர்கிறது. நீக்கியதால் பழைய பிடித்தம் தானாகத் திரும்பிவிடாது. கிளை மேலாளருக்கு எழுத்தில் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்க வேண்டும். 30 நாளில் பதில் இல்லையென்றால், அல்லது பதில் திருப்தியில்லையென்றால், ஒம்பட்ஸ்மேனுக்குக் கட்டணமின்றிப் புகார் செய்யலாம். விளக்கம் கேட்க 14448 என்ற எண்ணை அழைக்கலாம். நுகர்வோர் ஆணையத்துக்குப் போனால் 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது, ஆனால் 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி 2 ஆண்டுக்குள் போக வேண்டும். பாஸ்புக் பதிந்து நாளாகிவிட்டது என்றால் முதலில் அதைப் பதிந்துகொள்ளுங்கள்.