கொம்பு முளைத்த வீடு

தரங்கம்பாடிக் கோட்டைக்கு மாணவியரை அழைத்துச் செல்லும்போதெல்லாம் ஒரு பெயரை மறவாது சொல்லி வருகிறேன். யோன் ஓலாஃப்சன் என்பது அப்பெயர். வடதுருவ வட்டத்தை ஒட்டிக் கிடக்கும் ஐஸ்லாந்துத் தீவில் 1593இல் பிறந்தவர். டென்மார்க்கு மன்னனிடம் பீரங்கி வீரராகச் சேர்ந்து, 1623இல் நம் கரையில் வந்து இறங்கியவர். டேன்ஸ்போர்க் கோட்டையில் காவல் புரிந்தார். கோயில்களையும் ஆடல் மகளிரையும் கண்டார். வெடி விபத்தில் காயமுற்று நாடு திரும்பினார். முதுமையில், 1661இல், தம் தாய்மொழியில் ஒரு பயணநூல் எழுதி வைத்தார். இவ்வளவும் சொல்லி முடிப்பதற்குள் மாணவியர் கடலைப் பார்க்கத் தொடங்கிவிடுவர். நானோ அவர் வந்த திசையைப் பார்க்கத் தொடங்கினேன். அவ்வாறு பார்க்கப்போய் என் கண்ணிற்பட்டதே இக்கட்டுரைக்குப் பொருளான வீடு.

அவ்வீடு இருக்கும் ஊரின் பெயர் ஹாஃப்னார்ஃபியோர்துர். நாவுக்குச் சற்றுக் கடினந்தான், பொருளோ எளிது. 'துறைமுகக் குடா' என்பதே அதன் பொருள். ஐஸ்லாந்தின் தலைநகரான ரேக்யவிக்கிற்குத் தெற்கே, பழைய எரிமலைக் குழம்பு உறைந்து கல்லான நிலத்தின்மீது அமைந்த ஊர். ஐஸ்லாந்தியர் தம் முன்னோர் குடியேறிய வரலாற்றைத் தொகுத்துரைக்கும் 'லாண்ட்நாமபோக்' என்னும் பழைய நூலிலேயே இக்குடா பேசப்படுகிறது. முதற்பயணிகள் அங்கே மணல்திட்டில் ஒதுங்கிய திமிங்கிலம் ஒன்றைக் கண்டு அவ்விடத்திற்குத் 'திமிங்கிலத் திட்டு' எனப் பெயரிட்டனராம். குடாவின் தென்கரை இன்றும் அப்பெயராலேயே வழங்குகிறது.

அவ்வூரின் கடற்கரைத் தெருவில் 1841இல் கட்டப்பட்ட மரவீடு ஒன்று உண்டு. ஊரின் மிகப் பழைய வீடுகளுள் இரண்டாவது என்று அதனைச் சொல்வர். 1990ஆம் ஆண்டில் அவ்வீட்டில் ஓர் உணவகம் திறக்கப்பட்டது. ஃபியோருக்ராயின் என்று பெயர். 'கடற்கரைச் சத்திரம்' எனலாம். 'சாராயக்கடை' என்று பெயர்த்தாலும் பிழையாகாது. நாளடைவில் அது வைக்கிங் உணவகமாயிற்று. பக்கத்துக் கட்டடங்களும் சேர்ந்தன. கூரை முகடுகளில் வேதாளப் பாம்புகளின் தலைகள் எழுந்தன. பரிமாறுவோர் பழங்கால வீரர் உடை தரித்தனர். விருந்தினரைப் போலிக் கொள்ளையர் 'சிறைபிடித்து' உள்ளே இழுத்துச் செல்லும் வேடிக்கையும் உண்டாயிற்று. 1995 முதல் ஊரில் வைக்கிங் திருவிழா நடைபெறலாயிற்று. தங்கும் விடுதியும் எழுந்து அதுவும் வைக்கிங் பெயரையே சூடிக்கொண்டது.

இதை முதலில் அறிந்தபோது எனக்கு எழுந்தது எரிச்சலே என்பதை மறைக்க விரும்பவில்லை. வரலாற்றாசிரியர் வைக்கிங் காலம் என வழங்குவது ஏறத்தாழ 793 முதல் 1066 வரையிலான காலம். அது முடிந்து எழுநூற்று எழுபது ஆண்டுகளுக்கும் மேல் கழிந்த பின்னர் எழுந்த வீடு இது. அதற்கு வாளும் கேடயமும் ஏந்திய வேடம் எதற்கு? அன்றியும், 'வைக்கிங்' என்பது ஓர் இனத்தின் பெயரன்று. கொள்ளைமேற் செல்வோன் என்னும் தொழிற்பெயர். ஐஸ்லாந்தில் குடியேறியோரிற் பெரும்பாலோர் ஆடுமாடு வளர்த்த உழவர். ஊரின் சொந்தக் கதை வேறு. அதனைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும்.

அக்குடாவின் செல்வம் மீன். 15ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேய வணிகர் அதைத் தேடி வந்தனர். பின்பு ஹாம்பர்க் நகரத்து ஜெர்மானியர் வந்து, 16ஆம் நூற்றாண்டில் அங்கே தமக்கெனத் தேவாலயமும் கட்டிக்கொண்டனர். டென்மார்க்கு மன்னன் நான்காம் கிறிஸ்தியன் 1602இல் இவ்வணிகம் முழுவதையும் தன் நாட்டு வணிகர்க்கே உரியதாக்கினான். இம்மன்னனை நமக்கும் தெரியும். தஞ்சை இரகுநாத நாயக்கரோடு 1620இல் உடன்படிக்கை செய்து தரங்கம்பாடியைப் பெற்றது இவனுடைய ஆட்சியே. ஒரே அரியணையின் ஒரு கை காவிரிப் படுகையின் கடைமுகத்தில் மிளகுக்காக நீண்டது. மறு கை ஐஸ்லாந்தின் கருவாட்டை இறுகப் பற்றியது.

அந்தப் பிடியின் இறுக்கத்தை அறிய ஒரு மனிதனின் கதை போதும். ஹோல்ம்ஃபாஸ்துர் குத்முந்சன் என்பவன் ஏழைக் குத்தகைக் குடியானவன். தனியுரிமைச் சட்டப்படி ஒவ்வொரு வட்டாரத்தாரும் தமக்கு விதிக்கப்பட்ட துறையிலேயே மீனை விற்றல் வேண்டும். அவனுக்கு விதிக்கப்பட்ட துறை ஹாஃப்னார்ஃபியோர்துர். அவனோ நெடுமீன் மூன்றும், ஹேடாக் மீன் பத்தும், மீன் நெட்டிக் கட்டு இரண்டும் கெஃப்லாவிக் துறையில் விற்றுவிட்டான். ஹாஃப்னார்ஃபியோர்துர் வணிகன் வழக்குத் தொடுத்தான். 1699இல் ஹோல்ம்ஃபாஸ்துரைத் தூணிற் கட்டிப் பதினாறு கசையடி அடித்தனர். எண்ணிப் பார்த்தால் ஒரு சரக்குக்கு ஓரடி என்றுதான் வருகிறது. மிஞ்சியதோர் அடி எதற்கென்பதை அதிகாரிகளே அறிவர்.

இத்தனியுரிமை 1787இல் ஒழிந்தது. அதன் பின்னரே பியார்னி சிவெர்ட்சென் என்னும் ஐஸ்லாந்தியர் அவ்வூரில் வணிகம் தொடங்கினார்; கப்பலும் கட்டினார். 'ஊரின் தந்தை' என்று அவரைப் போற்றுவர். 1803-05ஆம் ஆண்டுகளில் அவர் கட்டிய வீடே ஊரின் மிகப் பழைய வீடு. மரமே அரிதான அத்தீவில் மக்களிற் பெரும்பாலோர் புல்மண் கட்டிகளை அடுக்கிய வீடுகளில் வாழ்ந்தனர். கடல்கடந்து வந்த பலகைகளால் வீடு கட்டுதல் வணிகர்க்கும் அதிகாரிகளுக்குமே இயன்றது. ஆதலின் 1841இன் மரவீடும் கடல் வணிகம் பெற்ற பிள்ளைதான்.

சிவெர்ட்சென் வீடு பழைய கோலத்திற்கே புதுக்கப்பட்டு அருங்காட்சியகமாயிற்று. இரண்டாவது வீடு வேடமிட்டுக்கொண்டு விருந்துச்சாலையாயிற்று. மூத்தது புலமைக்கும் இளையது வாணிகத்திற்கும் சென்றன என்று என் கட்டுரை இங்கேயே முடிந்திருக்கும். ஆனால் ஓர் ஆண்டெண் என்னைத் தடுத்தது. 1841 என்னும் அதே எண்தான்.

நாம் இன்று அறியும் வைக்கிங் எப்போது பிறந்தான் என்று தேடினால், அவன் பிறந்தது எட்டாம் நூற்றாண்டின் படகுகளில் அன்று; பத்தொன்பதாம் நூற்றாண்டின் எழுதுமேசைகளில். ஸ்வீடனில் 1811இல் 'கோத்தியச் சங்கம்' என ஓர் இலக்கிய வட்டம் தோன்றிற்று. (ஆம், நம்மைப் போன்ற ஒரு வட்டமே.) அதன் இதழில் அதே ஆண்டு கெய்யர் என்னும் கவிஞர் வைக்கிங்கைத் தலைவனாக்கிக் கவிதை எழுதினார். 1825இல் தெக்னேர் என்பார் 'ஃப்ரித்தியோஃப் சாகா'வைக் காவியமாக்கினார். அது ஐரோப்பிய மொழிகள் பலவற்றிற் சென்று பரவிற்று. கொள்ளையன் மாவீரனானது இக்கவிஞர்களால். ஐஸ்லாந்திலும் அப்போது ஜோனாஸ் ஹால்கிரிம்சன் முதலிய இளைஞர் 1835இல் 'ஃபியோல்னிர்' என்னும் இதழைத் தொடங்கி, பழைய பெருமையைச் சொல்லி மக்களை எழுப்பிக்கொண்டிருந்தனர். 1843இல் டென்மார்க்கு மன்னன் பழைய ஆல்த்திங் மன்றத்தை மீட்டளிக்க ஆணையிட்டான். ஆகவே கடற்கரைத் தெருவின் மரவீடும் வைக்கிங் என்னும் கற்பனையும் ஒரே தலைமுறைப் பிள்ளைகள்!

இக்கற்பனையின் உறுப்புகள் ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்தால் கவிஞர்க்குச் சுவையான செய்திகள் கிட்டும். பழைய நார்டிக் கவிதையில் 'கென்னிங்' என்றோர் அணி உண்டு. கப்பலை 'அலைக்குதிரை' என்பது போல, ஒன்றைச் சுற்றிவளைத்து இரு சொற்களாற் குறித்தல். நம் அன்மொழித்தொகைக்கு அயலான் எனலாம்; ஆனால் அதனினும் இருள் மிக்கது. 'கிராகுமால்' என்னும் பழம்பாடலில் வீரர்கள் கொம்புக் கிண்ணத்தில் மது அருந்துகின்றனர். அக்கொம்பைப் பாடல், விலங்கின் மண்டையில் வளர்ந்த வளைமரம் எனும் பொருள்படக் குறிக்கிறது. 1636இல் டென்மார்க்கு அறிஞர் ஓலே வோர்ம் வெளியிட்ட நூலில் இப்பாடலின் இலத்தீன் பெயர்ப்பு இடம்பெற்றது. பெயர்த்தவர்க்கு மரம் தெரியவில்லை. மண்டை மட்டும் தெரிந்தது. தாம் கொன்ற பகைவரின் மண்டையோட்டில் மது அருந்தினர் என்று எழுதிவிட்டார். பின்வந்த நூல்கள் எல்லாம் அதையே சொல்லின. ஓர் அணியைப் பிழைபடப் படித்தால் ஓர் இனத்திற்கே எத்தகைய கோரப் பல் முளைத்துவிடுகிறது! யாப்பும் அணியும் வகுப்பறைச் சுமை என்பாரிடம் நான் இந்நிகழ்ச்சியைச் சொல்வதுண்டு.

தலைக்கவசத்துக் கொம்புகளின் கதை இன்னும் பிந்தியது. 1876இல் பைரூய்த் அரங்கில் வாக்னரின் இசைநாடகம் அரங்கேறியபோது, உடையமைத்த டெப்லர் என்னும் ஓவியர் அவற்றை நடிகர் தலையில் வைத்தார். நார்வேயில் 1943இல் அகழ்ந்தெடுத்த உண்மையான வைக்கிங் தலைக்கவசத்தில் கொம்பு இல்லை. இருந்தென்ன? கடைகளில் விற்பது டெப்லரின் கவசமே. நம் கவியரங்க மேடைகளிலும் இத்தகைய கொம்புக் கவசங்கள் உண்டு என்பதை அன்பர்கள் சினமின்றி ஏற்பர் என நம்புகிறேன்.

உணவின் செய்தியும் இத்தகையதே. குளிர்காலத்தின் நடுவே 'தோரி' மாதத்தில் புளிக்கவைத்த சுறா, தீய்ச்சிய ஆட்டுத்தலை, உப்பிடாத கருவாடு ஆகியவற்றைக் கொண்டு நடத்தும் விருந்து தொன்றுதொட்டு வந்தது என்றே பலர் எண்ணுவர். பெயர் பழையதுதான். ஆனால் விருந்தை இன்றைய வடிவில் புதுக்கியோர், 1873இல் கோப்பன்ஹேகனில் பயின்ற ஐஸ்லாந்து மாணவர். 1958இல் ரேக்யவிக்கின் நௌஸ்தித் என்னும் உணவகம் அவ்வுணவுகளை ஒரே தட்டில் அடுக்கிப் பரிமாற, நாடே அதைப் பாட்டன் சோறாக ஏற்றுக்கொண்டது. ஆகவே மரபை உணவகம் ஆக்குதல் ஐஸ்லாந்தில் 1990இல் பிறந்த புதுமையன்று.

மற்றொரு காரணமும் உண்டு. அதைப் பெரும்பாலோர் நினைப்பதில்லை. 1915இல் ஐஸ்லாந்தில் முழு மதுவிலக்கு வந்தது. உங்கள் உப்புமீன் எமக்கு வேண்டுமானால் எம் திராட்சை மதுவை வாங்குங்கள் என்று ஸ்பெயின் நெருக்கவே, 1922இல் திராட்சை மது திரும்பிற்று. அங்கும் மீனே சட்டத்தை வளைத்தது! 1935இல் வடிமதுவும் வந்தது. பீருக்கு மட்டும் 1989 மார்ச்சு 1 வரை தடை நீடித்தது. தடை நீங்கிய அடுத்த ஆண்டிலேயே கடற்கரைச் சத்திரம் திறக்கப்பட்டது. கொம்பில் நுரைத்துத் ததும்பும் தேறலின்றி வைக்கிங் விருந்து ஏது? இரண்டாண்டு முன்னதாக முயன்றிருந்தால் மாவீரர் மோர் அருந்தியிருப்பர்.

இவ்வளவும் அறிந்த பின்னர் என் எரிச்சல் தணிந்ததா என்றால், பாதி தணிந்தது. மரவீடு மனிதர் புழங்காவிடின் நிலைக்காது. உப்புக்காற்றும் ஈரமும் ஆண்டு முழுதும் அரிக்கும் கரையில், அடுப்பு எரியும் வீடுதான் நிற்கும். ஓர் ஊர் எத்தனை அருங்காட்சியகங்களைப் பேண முடியும்? தரங்கம்பாடியிலும் ஆங்கிலேயக் கலெக்டர் வாழ்ந்த கடற்கரை மாளிகை விடுதியானதால்தான் அதன் தூண்கள் சுண்ணாம்பு கண்டன. அதன் தாழ்வாரத்தில் அமர்ந்து தேநீர் அருந்தியபோது நான் எந்தக் குற்றவுணர்வும் கொள்ளவில்லை. எனவே கூரையைக் காத்த சத்திரக்காரரைப் பழிக்கும் உரிமை எனக்கில்லை.

தணியாத மறுபாதி ஹோல்ம்ஃபாஸ்துரைப் பற்றியது. கொள்ளையடித்தவனின் உடையை அணிந்து சிரிப்பது எளிது. கசையடி பட்டவனின் உடையை அணிந்து யார் விருந்து பரிமாறுவார்? ஐஸ்லாந்தின் சொந்த எழுத்தாளர் ஹால்தோர் லாக்ஸ்னெஸ் இதை அறிந்திருந்தார். 'ஐஸ்லாந்தின் மணி' என்னும் தம் நாவலில், தனியுரிமைக் காலத்து ஏழைகளிடையே ஹோல்ம்ஃபாஸ்துருக்கும் ஓர் இடம் அளித்தார். 1952இல் 'கெர்ப்லா' என்னும் நாவலில் சாகா மாவீரரை எள்ளி நகையாடினார். வீரப் புகழில் திளைத்திருந்தோர் சிலர்க்கு அது கசந்தது. 1955இல் அவர்க்கு நோபல் பரிசு கிடைத்தது. போலி வைக்கிங் விருந்தினரைத் தோளிற் சுமந்து செல்லும் அதே நாடு, அப்போலியைக் கிழித்தெறிந்த நூலையும் தன் செவ்வியல் வரிசையில் வைத்திருக்கிறது.

அடுத்த முறை மாணவியரோடு டேன்ஸ்போர்க் செல்லும்போது யோன் ஓலாஃப்சனோடு இன்னொரு பெயரையும் சொல்லவிருக்கிறேன். கோட்டை மதிலின்கீழ் மீனவப் பெண்கள் கருவாடு உலர்த்தும் நேரமாக அது வாய்க்குமாயின் நன்று; மூன்று நெடுமீன், பத்து ஹேடாக், இரண்டு நெட்டிக் கட்டு என்று கணக்குச் சொன்னால், அவற்றின் விலையை மாணவியரைவிட அப்பெண்கள் விரைந்து சொல்லிவிடுவர்.