ஒரு தொப்பிச் சின்னம் எமக்குச் சொன்ன உண்மை



கடந்த மார்ச் 21, பொலிஸ் வீரர்கள் தினம். அன்று காலை ஆசிரியர் வாட்ஸ்அப் குழுவொன்றில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம் வந்தது. உயரமான ஹெல்மெட், மீசை, கழுத்து வரை பொத்தானிட்ட அங்கி, முகம் சற்று மங்கல். கீழே, "1864இல் உயிர்நீத்த கான்ஸ்டபிள் சபான்" என்று எழுதியிருந்தது. நாங்களும் யோசிக்காமல் அதை அச்சிட்டு எமது பாடசாலை அறிவித்தல் பலகையில் ஒட்டிவிட்டோம்.

சபான் யார் என்று அறியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறோம். துவான் சபான் மலாய் இனத்தைச் சேர்ந்த முஸ்லிம். 1864 மார்ச் 21ஆம் திகதி மாவனல்லையில் உத்துவன்கந்த சரதியலைப் பிடிக்கப் போன இடத்தில் சுடப்பட்டு இறந்தார். கடமையில் உயிர்நீத்த இலங்கையின் முதலாவது பொலிஸ்காரர் அவரே என்று பதிவாகியுள்ளது. அவரைச் சுட்டவர் சரதியலின் கூட்டாளி மம்மாலி மரிக்கார் என்பர். சரதியலும் மரிக்காரும் அதே ஆண்டு மே 7ஆம் திகதி கண்டியில் தூக்கிலிடப்பட்டனர்.

அறிவித்தல் பலகையைப் பார்த்த தரம் 10 மாணவி ஒருத்தி எங்களிடம் வந்து கேட்டாள்: "சேர், இவர் தொப்பியில இருக்கிற கிரீடம் பழைய தபால் முத்திரையில ராஜாட தலைக்கு மேல இருக்கிற மாதிரியே இருக்கு. 1864இல இருந்தது விக்டோரியா ராணிதானே?"

உண்மையில் எங்களுக்குப் பதில் தெரியவில்லை. தேடிப் படித்தோம். படித்ததை உங்களோடும் பகிர்ந்துகொள்கிறோம். பழைய பொலிஸ் படம் வைத்திருக்கும் எவருக்கும் இது உதவும்.

முதலில் ஹெல்மெட். லண்டன் மெட்ரோபொலிட்டன் பொலிஸ் 1829இல் ஆரம்பமானபோது அவர்கள் அணிந்தது சாதாரண கனவான்கள் அணியும் உயரமான 'டொப் ஹெட்' தொப்பியும் வால் வைத்த கோட்டும்தான். இன்று நாம் அறிந்த அந்த உயர்ந்த ஹெல்மெட் 1863க்குப் பிறகே வந்தது. ஆகவே டொப் ஹெட் அணிந்த லண்டன் கான்ஸ்டபிளின் படம் பெரும்பாலும் 1860களின் நடுப்பகுதிக்கு முந்தியது. ஹெல்மெட்டின் உச்சியையும் பார்க்க வேண்டும். மெட்ரோபொலிட்டன் பொலிஸின் ஹெல்மெட்டில் உச்சியில் ரோஜாப்பூ வடிவக் குமிழ் இருக்கும். லண்டன் நகரப் பொலிஸின் (இது வேறொரு பிரிவு) ஹெல்மெட்டில் சேவல் கொண்டை போல ஒரு மேடு ஓடும். ஆக, உச்சி எந்தப் பொலிஸ் என்பதையும் சொல்லும்.

இரண்டாவது, முன்பக்கத் தகட்டில் உள்ள கிரீடம். மாணவி கேட்டது இதைத்தான். விக்டோரியா காலத்தில் கிரீடச் சின்னத்துக்கு ஒரே நிலையான வடிவம் இருக்கவில்லை. 1901இல் அரியணை ஏறிய ஏழாம் எட்வர்ட் 'டியூடர் கிரீடம்' என்ற வடிவத்தைப் பொதுவாக்கினார். அதன் வளைவுகள் நடுவில் உயர்ந்து, எங்கள் பள்ளிவாசல் குப்பா போல உருண்டிருக்கும். ஆறாம் ஜோர்ஜ் 1952இல் இறக்கும் வரை இதுவே நிலைத்தது. எலிசபெத் ராணி வந்ததும் 'புனித எட்வர்ட் கிரீடம்' வந்தது. அதன் வளைவுகள் நடுவில் உள்வாங்கிப் பள்ளமாக இருக்கும். குப்பாவா பள்ளமா என்று மட்டும் பார்த்தாலே பல படங்களை 1952க்கு முன், பின் என்று பிரித்துவிடலாம்.

மூன்றாவது, சிறிய பொருட்கள். லண்டன் பொலிஸார் 1880களின் நடுப்பகுதி வரை ஆபத்தில் உதவிக்கு அழைக்க மரக் கிலுகிலுப்பையைச் சுழற்றினார்கள். அதற்குப் பின்னரே விசில் வந்தது. ஆகவே மார்பில் விசில் சங்கிலி தொங்கினால் அந்தப் படம் அதற்குப் பிந்தியது. மணிக்கட்டில் கோடு போட்ட பட்டி இருந்தால் அவர் கடமையில் இருக்கிறார் என்று பொருள். மெட்ரோபொலிட்டன் பொலிஸில் அது 1968 வரை இருந்தது. டை கட்டிய திறந்த கழுத்து அங்கி கான்ஸ்டபிள்களிடையே பரவியது இரண்டாம் உலகப் போருக்குப் பின்னரான ஆண்டுகளில்.

இப்போது எங்கள் பலகையில் இருந்த படத்துக்கு வருவோம். பெரிதாக்கிப் பார்த்தோம். உச்சியில் ரோஜாக் குமிழ். தகட்டில் குப்பா போன்ற டியூடர் கிரீடம். மார்பில் விசில் சங்கிலி. இடது மணிக்கட்டில் கோட்டுப் பட்டி. மூடிய கழுத்து. ஆக, இது 1901க்கும் ஏறத்தாழ 1950க்கும் இடையில் எடுத்த ஒரு லண்டன் கான்ஸ்டபிளின் படம். சபான் மௌத்தாகிக் குறைந்தது 37 வருடங்களுக்குப் பிறகு எடுத்தது.

ஆனால் இந்த முறையிலும் அவசரம் கூடாது. புதிய சின்னம் வந்த அன்றே எல்லோரும் பழையதைக் கழற்றி எறிவதில்லை. இருப்பில் உள்ளது முடியும் வரை அணிவார்கள். ஆகவே ஒரு சின்னம் "இதற்கு முன் எடுத்திருக்க முடியாது" என்று உறுதியாகச் சொல்லும். "இதற்குப் பின் எடுத்திருக்க முடியாது" என்று அவ்வளவு உறுதியாகச் சொல்லாது. 2022இல் மூன்றாம் சார்ள்ஸ் மன்னர் மீண்டும் டியூடர் கிரீடத்தையே தெரிவு செய்தார். நாளை ஒருவர் புதிய படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கி அனுப்பினால் கிரீடத்தை மட்டும் நம்பியவர் ஏமாந்துவிடுவார்.

எமது நாட்டுப் படங்களில் இன்னொரு பொறி உண்டு. கிரீடத்தைக் கண்டவுடன் "சுதந்திரத்துக்கு முந்தியது" என்று பலர் எழுதிவிடுகிறார்கள். 1948க்குப் பிறகும் 1972 மே 22இல் குடியரசாகும் வரை எமது நாட்டின் அரச தலைவர் பிரித்தானிய முடிக்குரியவர்தான். விமானப்படையின் பெயரில்கூட 'ரோயல்' என்ற சொல் அதுவரை இருந்தது. எனவே சீருடையில் கிரீடம் இருப்பது மட்டும் 1948க்கு முந்தியது என்பதற்கு ஆதாரமாகாது.

"ஒரு படம்தானே, நல்ல நோக்கத்தோடுதானே போட்டோம்" என்று எங்களில் ஒருவர் சொன்னார். நாங்கள் அதை ஏற்கவில்லை. இந்த நாட்டின் வரலாற்றில் எங்களுக்கும் பங்குண்டு என்று சொல்லும்போது சபானின் பெயரையும் சொல்கிறோம். அதற்கு அருகில் பொய்யான படத்தை வைத்தால் அதைக் கண்டுபிடிப்பவர் பெயரையும் சேர்த்தே சந்தேகிப்பார். அந்தப் படத்தில் இருக்கும் மனிதருக்கும் ஒரு பெயர் இருந்திருக்கும். அவருடைய முகத்தை எடுத்து இன்னொருவருக்குக் கொடுக்க எங்களுக்கு உரிமையில்லை.

படத்தைக் கழற்றினோம். அதே இடத்தில் அந்த மாணவியின் கையெழுத்தில் ஒரு தாள் இருக்கிறது: "கான்ஸ்டபிள் துவான் சபான், மாவனல்லை, 1864 மார்ச் 21." படம் இல்லை.

உங்கள் வீட்டிலும் சீருடை அணிந்த வாப்பா, அப்பா, மூத்தவாப்பாவின் படம் இருக்கலாம். விபரம் தெரிந்தவர்கள் இருக்கும்போதே கேட்டு, பின்பக்கத்தில் பென்சிலால் பெயரையும் ஊரையும் வருடத்தையும் எழுதி வையுங்கள். பிறகு கிரீடத்தையும் பொத்தானையும் பார்த்து யாரும் ஊகிக்கத் தேவை வராது.