நீரின் நடையைக் கண்டோர்

தெளிந்த நீர் தன் உள்ளியக்கத்தைத் தானாகக் காட்டுவதில்லை. 1883ஆம் ஆண்டில் மஞ்செஸ்டர் நகரிலே ஒஸ்போர்ன் றெனோல்ட்ஸ், கண்ணாடிக் குழாயில் ஓடிய நீரினுள் சாய இழையொன்றைச் செலுத்தினார். வேகம் குறைந்திருக்கையில் இழை நேராகச் சென்றது. ஒரு வரம்பைக் கடந்ததும் குலைந்து பரவிற்று. கொந்தளிப்பு கண்ணுக்குப் புலனாயிற்று.

அவ்வியக்கத்தை ஆளும் சமன்பாடுகளை நேவியே 1822இலும் ஸ்ரோக்ஸ் 1845இலும் வகுத்திருந்தனர். எனினும், ஓட்டத்தின் குறுக்கே நிற்கும் உருளையொன்றைச் சுற்றி நிகழ்வதைக்கூட அவற்றிலிருந்து முழுமையாக வருவித்தல் அரிதாயிருந்தது. வெளியைச் சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு புள்ளியிலும் எண்ணைக் கணித்து, அயற்புள்ளிகளோடு இசையும்வரை திருத்துவதே எஞ்சிய வழி. கிளாஸ்கோவில் அலெக்சாந்தர் தொம் 1933இல் இவ்வழியே சென்றார். 1953இல் யப்பானிய அறிஞர் கவகுச்சி, றெனோல்ட்ஸ் எண் 40 ஆகவுள்ள ஓட்டத்தைப் பொறிமுறை மேசைக் கணிப்பான் கொண்டு, வாரத்துக்கு 20 மணித்தியாலமாக, ஒன்றரை ஆண்டு கணித்து முடித்தார். உருளையின் பின்னே ஒட்டி நிற்கும் இரு சுழிகளைக் காட்டும் ஒரு படத்துக்கு வேண்டியிருந்த உழைப்பு அத்தனை!

1963இல் அமெரிக்காவின் லொஸ் அலமோஸ் ஆய்வுகூடத்தில் புறொம், ஹார்லோ என்னும் இருவர், தடையொன்றின் பின்னே சுழிகள் மாறிமாறிக் கழன்று வரிசையாகச் செல்வதை இலத்திரனியல் கணிப்பொறியால் வருவித்தனர். அணுகுண்டு பிறந்த கூடம் அது. அழிவுக்கெனத் திரட்டிய கணிப்பாற்றலே நீரின் நடையை அறியவும் உதவிற்று என்பதை நாம் மறத்தலாகாது.

கவகுச்சியின் கணிப்பு இன்று சாதாரணக் கணினியில் விரைவில் முடிகிறது. வண்ணப்படமும் உடன் கிடைக்கிறது. ஆபத்தும் இங்கேதான் உளது. செம்மையற்ற கட்டங்களும் அழகிய படத்தைத் தரும். ஓட்டம் காலத்தோடு மாறாதவிடத்து அருவிக்கோடு, சாய இழை, துணிக்கை சென்ற பாதை ஆகிய மூன்றும் ஒன்றே. மாறுமாயின் அவை வெவ்வேறு. சாய இழை சுருண்டிருப்பதைக் கொண்டே அங்கு சுழி உண்டெனத் துணியலாகாது என்பதை 1962இல் ஹாமா என்பவர் தெளிவாக்கினார்.

தம் கையாற் கணித்தவர் ஒவ்வோர் எண்ணின் பிறப்பையும் அறிந்திருந்தார். ஆயத்தப் படத்தைப் பெறும் மாணவன் அதனைக் கேட்டே அறிதல் வேண்டும். இது எவ்வகைக் கோடு? கட்டங்களை மேலும் நுணுக்கினால் விடை மாறுமா? எப்பரிசோதனையோடு ஒப்பிடப்பட்டது? இவ்வினாக்களை எழுப்பப் பழக்குவது ஆசிரியரின் கடன். அணைகளையும் பாலங்களையும் அமைப்போர் இத்தகைய படங்களைத் துணைக்கொள்கின்றனர்; அவை பிழைத்தால் துன்புறுவோர் அவற்றின் அருகே வாழும் மக்களே.