ஜி.எஸ்.டி. ரோட்டில் பிறந்த ஹெரால்டு

மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று கேட்டார்கள். ஹாஸ்டல் நினைவுகள் ஏற்கெனவே நிறைய வந்துவிட்டன, வேறு ஏதாவது எழுதேன் என்றும் சொன்னார்கள். மெக்கானிக்கல்காரனிடம் வேறு என்ன இருக்கும்? கார்தான்.

நம்மில் பாதிப் பேர் திண்டிவனம், விழுப்புரம் பக்கத்து ஆட்கள். சென்னைக்குப் போகும் பஸ்ஸில் வண்டலூர் தாண்டியதும் இறங்குவதற்குப் பையைத் தேட ஆரம்பித்துவிடுவோம். அந்த இடத்தில், பெருங்களத்தூரை ஒட்டி, ஒரு காலத்தில் கார் செய்துகொண்டிருந்தார்கள் என்பது நம்ம செட்டில் பலருக்குத் தெரியாது. 1948-ல் தொடங்கிய ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா கம்பெனி அது. கல்கத்தாவுக்கு அம்பாசடர், பம்பாய்க்கு பியட், மதராஸுக்கு ஸ்டாண்டர்டு என்று மூன்று ஊர் மூன்று காராக இருந்த நாட்கள். முதலில் வேன்கார்டு, பிறகு ஸ்டாண்டர்டு டென், 1961-ல் ஹெரால்டு.

இங்கிலாந்தில் இதே காருக்கு டிரையம்ப் ஹெரால்டு என்று பெயர். 1959-ல் அங்கே வெளிவந்தது. உடலை வரைந்தவர் இத்தாலியின் டூரின் நகரத்து ஜியோவானி மிக்கலாட்டி. பின்பக்கம் லேசாகத் துடுப்பு போல எழும்பி நிற்கும் அழகைப் பற்றி எல்லாரும் எழுதிவிட்டார்கள். எனக்கு அதைவிட அடியில் இருக்கும் சட்டகம்தான் பிடிக்கும். அந்த வருடங்களில் மற்றவர்கள் உடலும் சேஸிஸும் ஒன்றாகச் சேர்ந்த அமைப்புக்குப் போய்க்கொண்டிருக்க, ஸ்டாண்டர்டு மட்டும் ஏன் பழையபடி தனி சேஸிஸுக்குத் திரும்பியது? அவர்களுக்கு பாடி செய்து கொடுத்துவந்த ஃபிஷர் அண்ட் லட்லோ கம்பெனியைப் போட்டியாளரான பி.எம்.சி. 1953-ல் வாங்கிவிட்டது. முழு உடலையும் ஒரே இடத்தில் அடித்துத் தர ஆள் இல்லை. அதனால் உடலைத் துண்டு துண்டாகப் பல இடங்களில் செய்து, சேஸிஸ் மேல் போல்ட் போட்டு முடுக்கினார்கள்.

வேறு வழியில்லாமல் செய்த காரியம் வரமாகிப் போயிற்று. கூரையும் ஒரு துண்டு, அதுவும் போல்ட்டில் நிற்பது! அதே சேஸிஸில் கூப்பே, எஸ்டேட், 1960-ல் துணிக்கூரை போட்ட கன்வெர்ட்டிபிள் என்று வரிசையாக இறக்க முடிந்தது. முன்பக்கம் பானெட்டும் மட்கார்டும் சேர்ந்து ஒரே துண்டாக முன்னால் சாயும். இஞ்சினும் முன் சஸ்பென்ஷனும் அப்படியே கண்ணெதிரே. நம் ஒர்க்‌ஷாப் வகுப்பில் இப்படி ஒரு வண்டி நின்றிருந்தால் பாதி சிலபஸ் அதிலேயே முடிந்திருக்கும்.

அங்கே இஞ்சின் 948 சி.சி.யிலிருந்து 1961-ல் 1147, 1967-ல் 1296 என்று வளர்ந்தது. இங்கே கடைசி வரைக்கும் 948தான். ஆனால் அங்கே இல்லாத ஒன்றை மதராஸ்காரர்கள் செய்தார்கள். நம் குடும்பங்களுக்கு இரண்டு கதவு போதவில்லை என்று 1968-ல் நாலு கதவு ஹெரால்டு போட்டார்கள். உலகத்தில் வேறெங்கும் அது வரவில்லை. 1972-ல் கஸல் வந்தபோது பின் ஆக்ஸிலையும் மாற்றினார்கள். ஹெரால்டின் ஸ்விங் ஆக்ஸில் வளைவில் வேகமாகத் திரும்பினால் சக்கரத்தை உள்பக்கம் மடித்துவிடும். நம்ம ஊர் மெக்கானிக்குகளுக்கும் அது ஒத்துவரவில்லை. 1977-ல் கஸல் நின்றது. 1985-ல் ரோவர் உடலுக்குள் பழைய வேன்கார்டு காலத்து இஞ்சினை வைத்து ஸ்டாண்டர்டு 2000 என்று இறக்கினார்கள். விலை அதிகம், பெட்ரோலும் குடித்தது. 1988-ல் கார் உற்பத்தி முடிந்தது.

இதெல்லாம் இப்போது எதற்கு என்றால், எங்க கெடார் பக்கம் ஒரு கொட்டகையில் சிவப்பு ஹெரால்டு ஒன்று விலைக்கு நிற்கிறது. மேலே துணிக்கூரை. "அதிகம் ஓடாத வண்டி, பழசு மாறாமல் இருக்கு" என்கிறார்கள். நம் பேட்ச் நண்பன் ஒருவன் முன்பணம் கொடுக்கத் துடிக்கிறான். "டேய், பொறு" என்று நான் சொல்வதற்குக் காரணம் அந்தப் போல்ட்டுகள்தான்.

கூரையைக் கழற்றுவது சுலபம் என்பதால், நம் ஊரில் திறந்த ஹெரால்டு என்று வரும் வண்டிகளில் பின்னாளில் டிங்கர் கையால் திறந்தவையும் உண்டு. பார்க்க அதுவும் அழகுதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் 2021-ல் மத்திய அரசு கொண்டுவந்த விண்டேஜ் வாகன விதிப்படி, 50 வயது தாண்டிய வண்டிக்கு "வி.ஏ." என்ற எழுத்தோடு தனிப் பதிவு எண் கிடைக்க வேண்டுமானால் சேஸிஸிலோ உடலிலோ இஞ்சினிலோ பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். கூரை அறுத்த வண்டிக்கு அந்தக் கதவு திறப்பது சந்தேகம். சாதாரணப் பதிவிலும், கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு குறுக்கே வரும். ஆகவே முதலில் ஆர்.சி. புத்தகத்தைத் திறந்து, "உடல் வகை" என்ற இடத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பார். சேஸிஸ் நம்பரை வண்டியிலேயே துடைத்துப் படி. விலை பேசுவது அதற்கப்புறம்.

அடுத்தது மீட்டர். குறைவாக ஓடியது என்றால் நல்ல வண்டி என்று அர்த்தமில்லை. ஹெரால்டின் முன் சக்கரம் திரும்புவதே கீழே உள்ள பித்தளை ட்ரன்னியனில்தான். அதற்குக் கிரீஸ் அல்ல, கியர் ஆயில்தான் போட வேண்டும். பல வருடம் கொட்டகையில் நின்ற வண்டியில் அது வறண்டு, உள்ளே தண்ணீர் இறங்கி, இரும்பை அரித்திருக்கும். வெளியே ஒன்றும் தெரியாது. ஒருநாள் வளைவில் சக்கரம் மடங்கி உட்கார்ந்துவிடும். சேஸிஸின் பக்கவாட்டுக் கைகளில் துரு இருந்தாலும் மேலே பட்டி பூசி, பெயிண்ட் அடித்து மறைத்திருப்பார்கள். ஒரு சுத்தியலால் லேசாகத் தட்டினால் சத்தமே காட்டிக் கொடுத்துவிடும்.

நண்பன் பெண்டாட்டி பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு அப்படியே கெடாரிலிருந்து விழுப்புரத்துக்கு ஓட்டிவந்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருக்கிறான். ட்ரன்னியனைக் கழற்றிப் பார்க்கும்வரை லாரியில் ஏற்றித்தான் கொண்டுவர வேண்டும் என்று சொல்லிவிட்டேன். லாரி வாடகையில் பாதியை நான் தருகிறேன் என்றும் சொல்லியிருக்கிறேன்.