ஆவாரம்பட்டையும் தோல் சாலும்

ஏம்பலம் என்ற ஊரைச் சுற்றிய கரம்புகளில் யாரும் விதைக்காமல், யாரும் நீரூற்றாமல் மஞ்சளாகப் பூத்துக் கிடப்பது ஆவாரை. தமிழ்நாட்டின் வறண்ட நிலமெங்கும் அப்படித்தான். பூவை மாட்டுப் பொங்கலுக்கு மாலை கட்டினார்கள். பட்டையை உரித்து ஊறவைத்து, அந்தச் சாற்றில் தோலைப் பதப்படுத்தினார்கள். ஊர்ச் செருப்புக்கும் மாட்டு வாருக்கும் அது போதுமானதாக இருந்தது. 1840-களில் புதுச்சேரிக்காரர் ஒருவர் சென்னைக்குப் போய்ச் சேரும்வரை.

அவர் பெயர் சார்லஸ் டி சூசா. ஐரோப்பிய, இந்தியக் கலப்புக் குடும்பத்தில் வந்தவர். பழைய முறையைத் திருத்தி, வெளிநாட்டுச் சந்தை ஏற்கும் தரத்தில் தோல் பதனிடும் தொழிலைச் சென்னையில் தொடங்கி வைத்தவர் என்று மாகாணத்தின் தொழில் வரலாறு அவரையே சொல்கிறது. சுண்ணாம்புக் குழியில் ஊறிய தோலின் முடியை நீக்கி, சதையைச் சுரண்டி, ஆவாரம்பட்டைச் சாற்றில் வாரக்கணக்கில் போட்டு வைத்தார்கள். கடைசியாகக் கடுக்காய் நீரில் ஒரு முழுக்கு. அந்த முழுக்கில்தான் சூட்சுமம் இருந்தது. கடுக்காய் படாத ஆவாரம்பட்டைத் தோல் வெளிச்சம் பட்டுச் சிவந்துவிடும். பட்ட தோல் வெளிர் நிறம் மாறாமல் லண்டன்வரை போய்ச் சேரும். சென்னைப் பெரியமேட்டு மண்டிகளிலிருந்து மூட்டை மூட்டையாகக் கிளம்பிய அந்த அரைப்பதத் தோலுக்கு லண்டன் ஏலங்களில் ‘ஈஸ்ட் இந்தியா’ என்ற தனிப்பெயரே நிலைத்தது. சுண்ணாம்புக் குழியில் கையும் காலும் வெந்து உழைத்தவர்கள் பெரும்பாலும் தலித் மக்கள். அவர்கள் பெயர் எந்த ஏலப் பட்டியலிலும் ஏறவில்லை. நாற்பது ஆண்டுகள் இந்த வியாபாரம் தழைத்தது. அப்போது, சென்னைக்குக் கொஞ்சமும் தொடர்பில்லாத ஒரு புகார் நியூயார்க்கில் எழுந்தது.

பெண்கள் இடுப்பை இறுக்கிக் கட்டும் கார்செட் உடைக்குள் எஃகுக் கம்பிகள் இருந்தன. அவற்றைச் சுற்றியிருந்த தோல் படிகாரத்தில் பதப்பட்டது. வியர்வை பட்டதும் கம்பி துருப்பிடித்து உடை கறையானது. துரு ஏற்றாத தோல் கிடைக்குமா என்ற கேள்வி அகஸ்டஸ் ஷுல்ட்ஸ் என்ற சாய வேதியியலாளரிடம் வந்தது. சாயத் தொழிலில் தனக்குப் பழக்கமான குரோமிய உப்புகளைத் தோலில் போட்டுப் பார்த்த அவர், 1884-ல் காப்புரிமை பெற்றார். வாரக்கணக்கில் ஆன வேலை ஓரிரு நாளில் முடிந்தது. தண்ணீர் பட்டாலும் அந்தத் தோல் எளிதில் கெடவில்லை. பிலடெல்ஃபியாவின் ராபர்ட் ஃபோர்டரர் அந்த முறையில் ஆட்டுத்தோலைப் பளபளக்கச் செய்து ஷூ முதலாளிகளுக்கு விற்றார். மலைபோல் ஆட்டுத்தோல் தேவைப்பட்டது, அதுவும் பதப்படுத்தாத பச்சைத் தோலாக. அமெரிக்க வியாபாரிகளின் பார்வை சென்னையின் மேல் விழுந்தது.

ஆடு இங்கே வெட்டுப்பட்டது, தோல் அங்கே பறந்தது. பச்சைத் தோலுக்கு அமெரிக்கர் கொடுத்த விலைக்கு உள்ளூர்ப் பதனிடும் சாலைகளால் ஈடுகொடுக்க முடியவில்லை. ஒவ்வொன்றாக மூடத் தொடங்கின. அந்தச் சரிவைக் கவலையோடு பார்த்துக்கொண்டிருந்தவர் ஒரு பொறியியல் பேராசிரியர்.

ஆல்ஃபிரட் சாட்டர்டன் அப்போது சென்னைக் கலைத்தொழிற் பள்ளியின் பொறுப்பில் இருந்தார். தமிழ் வீடுகளுக்குள் அலுமினியப் பாத்திரம் நுழைந்ததே அவர் 1898-ல் அங்கே தொடங்கிய சோதனையால்தான். அது தனியாக எழுத வேண்டிய இன்னொரு கதை. 1903-ல் அவர் குரோம் முறையைக் கையில் எடுத்தார். வேதியியல் கைவந்தது. விற்பது எங்கே? சென்னையில் அன்று ஷூ போட்டவர்கள் சிலரே. நாட்டில் தோல் அதிகம் தேய்ந்துகொண்டிருந்த இடம் எது என்று தேடிப் போனவர் கிணற்றடியில் போய் நின்றார்.

வயல்தோறும் கவலை இறைத்த காலம் அது. மாடுகள் சரிவில் இறங்க, கிணற்றிலிருந்து தோல் சால் நிரம்பி ஏறியது. எந்நேரமும் நனைந்து காய்ந்த அந்தத் தோல் சீக்கிரமே அழுகிக் கிழிந்தது. உழவனுக்கு அது தீராத செலவு. சாட்டர்டன் குரோம் தோலில் சால் தைத்துக் கொடுத்தார். நீர் அதை எளிதில் அழிக்கவில்லை. அந்தச் சாலுக்குப் பின் செருப்பும் பூட்ஸும் வந்தன. பிற்காலத்தில் உலகம் முழுக்க நடக்கப்போகும் தோல் தமிழ் மண்ணில் காலூன்றியது இப்படிக் கிணற்றுத் தண்ணீரில்தான். அரசுத் தொழிற்சாலை வளர்ந்தது, ஆணைகள் குவிந்தன. அந்த வளர்ச்சியே அதற்கு வினையாக முடிந்தது.

அரசாங்கம் தொழில் நடத்தி எங்கள் பிழைப்பில் கை வைக்கலாமா என்று ஐரோப்பிய வணிகர்கள் குமுறினார்கள். 1910-ல் லண்டனிலிருந்து இந்திய விவகார மந்திரி மார்லியின் உத்தரவு வந்தது: தொழில் கற்றுக்கொடுக்கலாம், அரசே வணிகம் செய்யக்கூடாது. குரோம் பதனிடும் சாலை ரீவா சமஸ்தானத்தின் கைக்கு விற்கப்பட்டது. இத்தனை அருமையாக முளைத்த ஒன்றைக் கோப்பில் எழுதிய ஒரு வரி பிடுங்கி எறிந்தது என்பது இன்று நினைத்தாலும் ஆறவில்லை. ஆனால் கற்ற கைகள் மாகாணத்திலேயே இருந்தன. 1912-ல் ஜி. ஏ. சேம்பர்ஸ் பல்லாவரத்துக்குப் பக்கத்தில் குரோம் லெதர் கம்பெனியைத் தொடங்கினார். அந்தக் கம்பெனியைச் சுற்றி எழுந்த ஊர்தான் குரோம்பேட்டை. அடுத்த இரண்டே ஆண்டுகளில் ஐரோப்பாவில் பீரங்கிகள் வெடித்தன.

பதுங்குகுழிச் சேற்றில் நின்ற சிப்பாய்களுக்குப் பூட்ஸ் வேண்டும். ஆவாரம்பட்டையில் பதமான சென்னை மாட்டுத்தோலைப் பிரிட்டிஷ் அரசு மொத்தமாக வாங்கியது. வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கம் பாலாற்றங்கரையில் முஸ்லிம் குடும்பங்கள் நடத்திய பதனிடும் சாலைகள் இரவும் பகலும் ஓடின. வாணியம்பாடியில் 1919-ல் இஸ்லாமியாக் கல்லூரி எழுந்ததில் தோல் வணிகர்களின் பணம் இருந்தது. போர் முடிந்ததும் விலை சரிந்தது, பலர் நொடித்தார்கள். மிஞ்சிய குடும்பங்கள் தந்தைக்குப் பின் மகன் என்று அதே தொழிலைத் தொடர்ந்தன. பாதிப் பதத்தில் தோலை அனுப்பினார்கள். மீதி வேலையும் மீதி லாபமும் ஐரோப்பாவுக்குப் போயின. இதைப் பொறுக்காத ஒருவர் அடையாற்றில் இருந்தார்.

குண்டூர் பக்கத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்த நாயுடம்மா, 1948-ல் அடையாற்றில் தொடங்கிய மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனத்தின் இயக்குநராக 1958-ல் பொறுப்பேற்றார். ஆய்வுக்கூடத்தை விட்டிறங்கி, தோல் உரிக்கும் இடத்துக்கும் பதனிடும் குழிக்கும் நேரில் போனவர். அரைப்பதத்தை அனுப்பாதே, முழுத் தோலாக்கு, அதையும் பொருளாக்கு என்பது அவர் விடாமல் வலியுறுத்திய கருத்து. 1973-ல் மத்திய அரசு அதைத் தன் கொள்கையாகவே கொண்டுவந்தது. பச்சைத் தோல் ஏற்றுமதிக்குத் தடை. அரைப்பதத் தோலுக்கு அளவுக் கட்டுப்பாடு. நூற்றாண்டுக்கு மேல் ஒரே சரக்கை அனுப்பிப் பழகிய குடும்பங்களுக்குக் காலடி மண் சரிந்தது.

வேறு வழி இல்லாமல்தான் அவர்கள் தையல் இயந்திரத்தைத் தொட்டார்கள். முதலில் ஷூவின் மேற்பகுதி மட்டும். தோலை வெட்டி, ஓரம் சீவி, தைத்து அனுப்பினால் ஐரோப்பாவில் அதற்கு சோல் ஒட்டினார்கள். ‘அப்பர்’ என்ற சொல் ஆம்பூர்த் தெருக்களில் தமிழாகவே புழங்கியது. சுற்றுக் கிராமங்களிலிருந்து பெண்கள் கம்பெனி பஸ்ஸில் வந்து இயந்திரங்களின் முன் அமர்ந்தார்கள். சுண்ணாம்புக் குழிகளில் ஆண்களே இறங்கிய தொழிலில் நுணுக்கமான தையல் பெண்களின் கைக்கு வந்தது. நேரான தையல், ஒரே அளவு இடைவெளி, பிசிறில்லாத ஓரம்: அந்தக் கைகளை நம்பித்தான் அடுத்த கட்டமாக முழு ஷூவையே இங்கு செய்யச் சொன்னார்கள் வெளிநாட்டு நிறுவனங்கள். லண்டன் கடைத்தெருக் கண்ணாடிக்குள் பிரிட்டிஷ் பெயரோடும் ஜெர்மானியப் பெயரோடும் மின்னிய ஷூக்களில் பல, பிரியாணிக்காகவே ஊர் பேர் தெரிந்த ஆம்பூரில் பிறந்தவை. அப்படிப்பட்ட குடும்பக் கம்பெனிகளில் ஒன்றான ஃபரீதா குழுமத்தின் ரஃபீக் அகமதுவுக்கு 2011-ல் பத்மஸ்ரீ விருதும் கிடைத்தது. அந்த விருதுக்கு முன்பே தொழில் இரண்டு முறை விளிம்புவரை போய் மீண்டிருந்தது.

1989-ல், தோலில் பூஞ்சை வராமல் தடுக்கப் பூசிய பென்டாகுளோரோஃபீனால் என்ற நச்சு மருந்தை ஜெர்மனி தடை செய்தது. அது கலந்த சரக்குக்குக் கதவு மூடியது. மாற்று மருந்து தேடி அடையாற்று ஆய்வுக்கூடம் ஓட, பதனிடும் சாலைகள் பழைய முறையை அவசரமாகக் கைவிட்டன. அதைவிடப் பெரிய கணக்கு ஊருக்குள்ளேயே ஏறிக்கொண்டிருந்தது. பட்டைக்குப் பதில் வந்த குரோமும் உப்பும் கழிவாகப் பாலாற்றில் கலந்து, கிணறுகள் கைவிடப்பட்டன, நிலங்கள் உவர்ந்தன. கிணற்றடியில் உழவனுக்கு உதவியாகத் தொடங்கிய அதே வேதியியல், உழவனின் கிணற்றையே குடிக்க முடியாததாக்கியது. வேலூர் மக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றத்தின் கதவைத் தட்டியது.

1996 ஆகஸ்ட் 28-ல் நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்புச் சொன்னது. மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தில் உறுதிப்பட்டது இந்த வழக்கால். வேலூர் உள்ளிட்ட மாவட்டங்களின் ஒவ்வொரு பதனிடும் சாலைக்கும் ₹10,000 அபராதம். கழிவைச் சுத்திகரிக்காதவை மூடப்பட வேண்டும். பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் எழுந்தன, சிறு சாலைகள் பல திறக்கவே இல்லை. பாலாற்றங்கரை நிலம் பட்ட காயம் இன்னும் முழுக்க ஆறவில்லை என்பதையும் இந்தக் கதையோடு சேர்த்தே எழுத வேண்டும். தப்பிப் பிழைத்த கம்பெனிகள் தோலைவிடத் தையலை நம்பின.

அந்த நம்பிக்கையைத்தான் வெளியூர்க்காரர்களும் மோப்பம் பிடித்தார்கள். தைவானின் ஃபெங் டே குழுமம் செய்யாற்றில் ஆலை வைத்தது. சுற்றுக் கிராமப் பெண்கள் பல்லாயிரம் பேர் அங்கே நைக்கி விளையாட்டு ஷூக்களைத் தைக்க வந்தார்கள். 2022-ல் தமிழ்நாடு அரசு காலணிக்கும் தோல் பொருட்களுக்குமெனத் தனிக் கொள்கை வெளியிட்டபோது தோலில்லாத ஷூக்களுக்கும் அதில் இடம் கொடுத்தது. ஆவாரம்பட்டையில் தொடங்கிய தொழிலின் புதிய ஆலைகளில் இப்போது இறங்கும் சரக்கு துணியும் ரப்பரும் நுரையும்.