பதிவேட்டில் இல்லாத மாணவி

வெல்ஸ்லி கல்லூரி ஆசிரியை மேரி கால்கின்ஸ், 1890இல் ஹார்வர்டில் வில்லியம் ஜேம்ஸின் உளவியல் முதுநிலை வகுப்பில் சேர முயன்றார். பெண்களைச் சேர்ப்பதில்லை என்பது அங்கே விதி. தந்தை மனுப் போட்டார், ஜேம்ஸும் வாதாடினார். கடைசியில் நிர்வாகம் ஒரு நிபந்தனையோடு இறங்கி வந்தது: வகுப்பில் உட்காரலாம், ஆனால் பதிவு பெற்ற மாணவி ஆகமாட்டார்.

உடன் சேர்ந்த ஆண்கள் கழன்றுகொள்ள, கணப்படுப்பின் இருபுறமும் ஜேம்ஸும் அவரும் மட்டுமே உட்கார்ந்து பாடம் நடந்தது. விதியைக் காத்த பல்கலைக்கழகம் தன்னை அறியாமலே தனிப்பயிற்சி தந்துவிட்டது!

1895இல் முனைவர் தேர்வில் ஆசிரியர்கள் மனமாரப் பாராட்டினார்கள். பட்டம்தான் வரவில்லை, பதிவே இல்லாதவருக்குப் பட்டம் ஏது? 1902இல் பெண்களுக்கான ராட்கிளிஃப் கல்லூரியின் பெயரில் தர முன்வந்தபோது, படித்தது அங்கே இல்லையே என்று மறுத்தார். 1905இல் அமெரிக்க உளவியல் சங்கத்தின் முதல் பெண் தலைவரானார். 1927இல் ஹார்வர்டின் பழைய மாணவர்கள் சிலர் அவருக்காக மறுபடி பட்டம் கேட்டுப் பார்த்தார்கள். ஹார்வர்ட் அசையவில்லை.