பக்கத்துக் கல்லறையில் இருப்பவர்

அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில், தங்க வேட்டையால் முளைத்த ஊர் டெட்வுட். அதன் குன்றின்மேல் மவுண்ட் மோரியா கல்லறைத் தோட்டம். பார்க்க வருகிறவர்கள் நேரே போவது, 1876இல் சீட்டாடும்போது சுட்டுக் கொல்லப்பட்ட வைல்ட் பில் ஹிக்காக்கிடம். அவருக்குப் பக்கத்தில் 'கலாமிட்டி ஜேன்'. காதலர்கள் என்கிறது கதை. பழகியதோ சில வாரங்கள். அங்கே புதைக்கச் சொன்னதே ஜேன்தான் என்பார்கள், இருக்கட்டும். ஹிக்காக்குக்கு மனைவி உண்டு: சர்க்கஸ் நடத்திய ஆக்னஸ் லேக். மணமாகி ஐந்து மாதம்கூட ஆகவில்லை. அந்தக் கதையில் ஆக்னஸுக்கு இடமில்லை, இந்தத் தோட்டத்திலும் இல்லை.

ஜேனின் சொந்தப் பெயர் மார்த்தா ஜேன் கேனரி. 1903இல் இறந்தவருக்கு வைத்த கல்லில் இருப்பவை பட்டப்பெயரும் 'திருமதி எம். இ. பர்க்' என்பதும். 'மார்த்தா' ஓர் எழுத்தாகச் சுருங்கிவிட்டாள். வயதுகூட 53 என்று போட்டிருக்கிறார்கள். உண்மையில் 47 சொச்சம்தான்.

குதிரையும் துப்பாக்கியுமாகவே நாம் அறிந்த இந்தப் பெண், பெரியம்மை கண்டவர்களுக்குப் பணிவிடை செய்தவர் என்று டெட்வுட்காரர்கள் நினைவுகூர்ந்தார்கள். கடைசி ஆண்டில், டோரா டுஃப்ரான் நடத்திய பாலியல் தொழில் விடுதியில் சமைத்தார், துணி துவைத்தார். டோரா 1932இல் அவரைப் பற்றி ஒரு சிறுநூல் எழுதினார், புனைபெயரில். டோராவும் இதே குன்றில்தான் இருக்கிறார், கணவரோடும் வளர்த்த கிளியோடும்.